வீட்டுக் கேமரா – 17: நூறு மடங்கு தள்ளி நில்லுங்கள்

2016 நவம்பர் 14. பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஆறாவது நாள். ஊரே ஏ.டி.எம். வாசலில் நின்றுகொண்டிருந்த அந்த மாலையில், 1948க்குப் பிறகு பூமிக்கு மிக அருகில் வந்த முழு நிலவு எழுந்தது. தூரம் சுமார் 3,56,500 கிலோமீட்டர். வரிசையில் நின்றவர்களும் செல்போனைத் தூக்கினார்கள். மறுநாள் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தவை பெரும்பாலும் இருட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி.

போன் மீது மட்டும் குற்றமில்லை. 'சூப்பர் மூன்' என்ற பெயரே 1979இல் ரிச்சர்டு நோல் என்ற அமெரிக்க ஜோதிடர் வைத்தது. நிலவு மிகத் தொலைவில் இருக்கும் பௌர்ணமியோடு ஒப்பிட்டாலே விட்டம் 14 சதவீதம்தான் கூடும்; சராசரிப் பௌர்ணமியோடு ஒப்பிட்டால் அதில் பாதி. அடிவானத்தில் அது பூதாகரமாகத் தெரிவது நம் மூளையின் கைங்கரியம். உண்மையில் உச்சிக்கு வரும்போதைவிட உதிக்கும்போதுதான் நிலவு நமக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் எட்ட இருக்கிறது.

கேமராவுக்கு இந்த மயக்கமெல்லாம் கிடையாது. வானத்தில் நிலவின் அகலம் அரை டிகிரி. 4,000 பிக்சல் அகலமுள்ள படத்தில் போனின் சாதாரண லென்ஸ் அதற்கு ஒதுக்குவது 30 பிக்சலுக்கும் குறைவு. 'என் போனில் பள்ளமெல்லாம் தெரிகிறதே' என்பீர்கள். வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவுப் படத்தைக் காட்டினாலும் பள்ளங்களைத் தானே சேர்த்துத் தருகிறது என்று 2023இல் ஒரு பெரிய நிறுவனத்தின் போன் மாட்டிக்கொண்டது. அதை போட்டோ என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நிலவைப் பெரிதாக்க முடியாது. அதன் முன்னால் நிற்பதைச் சிறிதாக்கலாம். ஒரு பொருளின் உயரத்தைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு தூரத்தில் நின்றால் அதுவும் நிலவும் ஒரே அளவில் தெரியும். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி, அதாவது 66 மீட்டர். ஏழு கிலோமீட்டர் மேற்கே, தென்னந்தோப்போ செல்போன் டவரோ மறைக்காத இடம் கிடைத்தால், விமானம் முழுவதும் நிலவுக்குள் அடங்கிவிடும். 200 மீட்டரில் நின்று எடுத்தால் அதே நிலவு விமானத்தில் 2 மீட்டர் அகலம்தான் பிடிக்கும். லென்ஸ் 300 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும், ஸ்டாண்டு கட்டாயம். நிலவு தன் அகலத்தை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும், ஆகவே லென்ஸ் மாற்றிக்கொண்டு நிற்க நேரமிருக்காது.

மேற்கு என்று பொதுவாகச் சொன்னேன். மார்கழிப் பௌர்ணமி கிழக்கிலிருந்து வடக்கே தள்ளி எழும்; ஆனிப் பௌர்ணமி தெற்கே தள்ளி எழும். நேரத்தையும் திசையையும் ஸ்டெல்லேரியம் ஆப் காட்டிவிடும்.

இன்னொன்று. பௌர்ணமியன்று போகாதீர்கள், முந்தைய நாள் போங்கள். நிலவு என்பது வெயிலில் கிடக்கும் பாறை. உயரே வந்த பின் அதற்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 1/100 நொடி போதும். அந்த அளவில் இரவுக் கோபுரம் வெறும் கறுப்பு. முந்தைய நாள் நிலவு ஏறக்குறைய முக்கால் மணி நேரம் முன்னதாகவே எழுந்துவிடும்; உங்கள் முதுகுப் பக்கம் இறங்கும் சூரியன் கோபுரத்துக்கு வெளிச்சம் போட்டுக் கொடுக்கும்.

ஆன்சல் ஆடம்ஸ் 1941 நவம்பர் 1 அன்று நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊரில் எடுத்த புகழ்பெற்ற படமும் பௌர்ணமிக்கு முன்பு எடுத்ததுதான். கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் கடைசி வெயில். அவசரத்தில் லைட் மீட்டர் கைக்குக் கிடைக்கவில்லை. நிலவின் வெளிச்ச அளவு மனப்பாடமாக இருந்ததால் அதை வைத்தே கணக்குப் போட்டு எடுத்தார். அடுத்த படத்துக்குத் தயாராவதற்குள் சிலுவைகளில் வெயில் போய்விட்டது. அந்தப் படத்தில் நிலவு சின்னதுதான். யாரும் குறை சொன்னதில்லை.

2016ஐவிடச் சற்றே நெருங்கிவரும் முழு நிலவு 2034 நவம்பர் 25 அன்று. அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊர்க் கோபுரத்தின் உயரத்தை விசாரித்து, நூறால் பெருக்கி, இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் இடம் பார்த்து வையுங்கள்.

(தொடரும்)