பேரழிவுப் படமும் இழவு என்னும் நிலைக்களனும்

பேரழிவைப் பொருளாகக் கொண்ட திரைப்படம் காண்போர்க்கு அச்சத்தையும் அழுகையையும் ஒருங்கே தரும் என்பது பலரும் எதிர்பார்ப்பது. 2009-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த ‘2012’ என்னும் ஆங்கிலத் திரைப்படம் உலகம் முழுவதும் அழிவதைக் காட்டுகின்றது. ஆயினும் அதனைக் கண்டு முடித்தார் கண்ணில் நீர் அரும்புதல் அரிது. கோடிக்கணக்கான மாந்தர் இறந்தும் நெஞ்சு அசையாமை எதனால் என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகும் வினா. இலக்கிய ஆய்விதழில் திரைப்படத்திற்கு இடம் ஏது எனச் சிலர் கேட்கலாம். கதையும் மாந்தரும் உறவும் உள்ள எதுவும் திறனாய்வுக்குப் புறம்பன்று என்பதே எம் விடை.

இப்படத்தை இயக்கியவர் ரோலண்ட் எம்மெரிக். ஏறத்தாழ 20 கோடி டாலர் செலவில் எடுக்கப்பெற்றது. 158 நிமிடம் ஓடுவது. மாயர் காலக்கணக்கின் ஒரு நெடுஞ்சுற்று 2012 டிசம்பரில் முடிவுறுவதை உலக முடிவாகக் கொண்டு, கதிரவனிலிருந்து வரும் நியூட்ரினோத் துகள்கள் நிலத்தின் அகட்டைச் சூடேற்றுவதாகக் கதை புனையப்பட்டுள்ளது. இவ்வறிவியல் பொருந்தாது. நியூட்ரினோ எப்பொருளையும் பெரும்பாலும் தாக்காது ஊடுருவிச் செல்லும் இயல்பினது. ஆயினும் அது பற்றி யாம் வழக்காடவில்லை; புனைவுக்கு அவ்வளவு உரிமை உண்டு. எம் குறை மாந்தர் பற்றியது.

கதைத்தலைவன் ஜாக்சன் கர்ட்டிஸ். விலைபோகாத நாவல் ஒன்றை எழுதியவன். செல்வர் ஒருவருக்கு வண்டியோட்டிப் பிழைப்பவன். மனைவி கேட் அவனைப் பிரிந்து, கார்டன் என்னும் மருத்துவனோடு வாழ்கின்றாள். பிள்ளைகள் இருவர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் பிளந்து சரிய, இக்குடும்பம் வண்டியிலும் வானூர்தியிலும் தப்புகின்றது. சாய்ந்து விழும் மாளிகைகளினின்று மனிதர் உதிர்கின்றனர். படக்கருவி அவர்களைச் சிறு புள்ளிகளாகக் காட்டிக் கடந்து செல்கின்றது. அப்பொழுது காண்போன் உள்ளத்தில் எழும் ஒரே வினா, வண்டி தப்புமா என்பதே.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இவ்விடத்தில் நமக்குத் துணைசெய்கின்றது. மருட்கைக்கு ஆசிரியர் வகுத்த நிலைக்களன்களுள் புதுமையும் பெருமையும் அடங்கும். அழுகைக்கு வகுத்தவற்றுள் ஒன்று இழவு. பெருமையைப் பணத்தால் ஆக்கிக்கொள்ளலாம். மலையளவு அலையும் எரிமலையும் கணிப்பொறியால் வரையத் தக்கனவே. இழவோ அவ்வாறு வாராது. சுற்றம் முதலாயினவற்றை இழத்தல் என உரையாசிரியர் அதனை விளக்குவர். இழத்தற்கு முன் உடைமை வேண்டும். சுற்றத்தை இழத்தற்கு முன் அது சுற்றமாக நம் கண்முன் வாழ்ந்திருத்தல் வேண்டும். பிறர்கண் தோன்றிய இழவு பற்றியும் அழுகை பிறக்கும் என்பது உரைமரபு; ஆயின் அப்பிறர் யார் என்பது தெரியாதவிடத்து அது பிறவாது. ‘2012’ மருட்கையை மிகுவித்து, அழுகைக்கு வேண்டிய முதலை ஈட்டாமல் விட்டது. அகத்திணை மொழியிற் கூறின், முதற்பொருளாகிய நிலம் கொந்தளிக்கின்றது, உரிப்பொருள் இல்லை.

இக்குறை கார்டனிடத்து மிகத் தெளிவாகப் புலனாகும். அவன் தீயவன் அல்லன். பிள்ளைகளிடம் அன்புடையவன், மகன் நோவா தந்தையினும் அவனையே நெருங்குகின்றான். வானூர்தி ஓட்டச் சிறிதே பயின்ற அவனே, சரியும் கட்டடங்களினூடே ஊர்தியைச் செலுத்தி அனைவரையும் காக்கின்றான். இத்தகையவன், மீட்புக் கப்பலின் பற்சக்கரங்களிடையே நசுங்கி இறக்கின்றான். அவன் பொருட்டுச் சிந்தப்படும் கண்ணீர் சில நொடிகளே. கேட் முன்னைக் கணவனோடு மீண்டும் சேர்தற்கு அவன் தடை. தடை நீங்கவேண்டும் என்பதற்காகவே அவன் இறந்தான் என்பது வெளிப்படை. அவன் சாவு ஓர் இழவாகவன்றி, கதை முடிவுக்கு ஒரு வசதியாகவே அமைந்துவிட்டது. பிரிந்தார் ஏன் பிரிந்தனர், எதனாற் கூடினர் என்பதற்கும் தக்க விடை இல்லை. ஒருங்கே ஓடினர், ஆதலின் ஒன்றுபட்டனர் என்பதே படம் தரும் காரணம்.

இங்ஙனமாயினும் ஓரிடத்தைப் பாராட்டாமல் விடுதல் நடுநிலை ஆகாது. பேரழிவை முதலில் கண்டறிந்து கூறுபவன் இந்திய அறிஞன் சத்னாம். படத் தொடக்கத்தில் அவன் இல்லத்தில் மனைவியையும் மகனையும் காண்கின்றோம். அமெரிக்க அறிஞன் ஏட்ரியன் அவன் நண்பன். பின்னர், தம்மை ஏற்றிச்செல்ல வரவேண்டிய ஊர்தி வாராமையை நண்பனுக்குத் தொலைபேசியில் கூறும்பொழுதே அலை எழுந்து வருகின்றது. மனைவியையும் மகனையும் தழுவி நிற்கின்றான். காட்சி சிறிதே, ஆயின் அவன் வீட்டை முன்பே கண்டோமாதலின் அது உறைக்கின்றது. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினக் கரையில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டது. அதற்கு ஐந்தாண்டு கழித்து இப்படத்தைக் கண்ட தமிழர்க்கு அவ்வலை வெறும் பெருமையாய்த் தோன்றியிருத்தல் இயலாது. சத்னாமுக்குப் படம் அளித்த சில நிமிடங்களை ஏனையோர்க்கும் அளித்திருக்கலாம்.

கப்பலில் இசைஞனாகப் பணிபுரியும் முதியவன் டோனி, நெடுநாள் பேசாதிருந்த மகனைத் தொலைபேசியில் அழைக்கும் காட்சியும் இதற்கு இனமானது. தோக்கியோவில் பேத்தி கருவியை எடுக்கின்றாள், நிலம் அதிர்கின்றது. கருத்து நன்று. ஆயினும் தந்தை மகன் பகையை ஓரிரு சொற்களால் அறிவித்து உடனே முடித்தமையின், வித்து இட்ட அன்றே கதிர் அறுக்க முயன்றது போலாயிற்று.

இத்தகைய படங்களில் காட்சிப் பெருமையே நோக்கம். உறவை எதிர்பார்த்தல் காண்போன் பிழை என்பார் உளர். அவர் கூற்று இப்படத்திற்குப் பொருந்தாது. மீட்புக் கப்பலில் ஓர் இடத்தின் விலை நூறு கோடி யூரோ எனக் கூறி, செல்வர் பிழைக்கக் கப்பலைக் கட்டிய தொழிலாளர் கைவிடப்படுவதைப் படமே எழுப்புகின்றது. வெளியே நிற்பாரையும் ஏற்றுக எனச் ஏட்ரியன் உருக்கமாக உரையாற்றுகின்றான். இறந்த சத்னாமையும் அவ்வுரையில் நினைவுகூர்கின்றான். ஆதலின் படம் நம் இரக்கத்தை வேண்டியே நிற்கின்றது. ஆயின் கதவு திறந்ததும் உள்ளே வருவோர் முகமற்ற திரள். அவருள் ஒருவரையேனும் நாம் அறியோம்.

இதே வகையில் 1972-இல் வெளிவந்த ‘பொசைடன் அட்வெஞ்சர்’ என்னும் படத்தை ஒப்பிட்டுக் காண்க. பால் காலிகோவின் நாவலைத் தழுவி ரொனால்ட் நீம் இயக்கியது. பேரலையால் ஒரு கப்பல் கவிழ்கின்றது. தப்ப முயல்வோர் ஒரு சிறு குழுவினர். அவருள் பெல் ரோசன் என்னும் முதியவள் பருத்த உடலினள். தன்னால் பிறர்க்குச் சுமை நேருமோ என அஞ்சுபவள். இன்னும் காணாத பேரப்பிள்ளையைக் காணக் கணவனோடு புறப்பட்டவள். இளமையில் நீருள் நீந்திப் பரிசு பெற்றவள் என்பதும் நமக்குச் சொல்லப்படுகின்றது. வழிகாட்டும் பாதிரியார் நீருள் சிக்கியபொழுது அவளே குதித்து மீட்கின்றாள். மீட்டபின் நெஞ்சடைத்து இறக்கின்றாள். இறக்குமுன் தன் கழுத்துப் பதக்கத்தைக் கணவனிடம் சேர்க்குமாறும், அவன் அதனைப் பேரப்பிள்ளைக்குத் தருமாறும் வேண்டுகின்றாள். அவ்வேடம் தாங்கிய ஷெல்லி விண்டர்ஸ் ஆஸ்கர் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பெற்றார். இறந்தவள் ஒருத்தியே, அவள் கணவனிடம் அச்செய்தியை எவர் சொல்வது, எங்ஙனம் சொல்வது எனக் குழுவினர் தயங்குகையில் காண்போனும் உடன் தயங்குகின்றான்.

‘2012’-இன் இறுதிக் காட்சியில் வெள்ளம் வடிகின்றது. கப்பல்கள் ஆப்பிரிக்காவை நோக்கிச் செல்கின்றன. ஜாக்சனும் கேட்டும் பிள்ளைகளோடு மேற்றளத்தில் நிற்கின்றனர். படுக்கையை நனைக்கும் பழக்கம் மகளை விட்டு நீங்கியதாகப் பேச்சு நிகழ்கின்றது. கார்டனுக்கு அக்காட்சியில் இடமில்லை.