துவைச்சல் ஏறிய உருக்கில் துளையிடும் முறை

சுண்ணாம்பாற்றங்கரையிலுள்ள நோணாங்குப்பம் முதலிய ஊர்களில், லாரியின் பழைய வில்பட்டையைக் கலப்பைக் கொழுவாக்கி, போல்ட்டு மாட்டத் துளையிட விரும்பும் அங்கத்தினர்கள் முதலில் அறியவேண்டுவது யாதெனில், துவைச்சல் ஏறிய உருக்கு சாதாரணத் துறப்பண அலகுக்கு எளிதில் இணங்காது. வேகமாய்ச் சுழற்றினால் அலகின் முனை காய்ந்து மழுங்குமேயன்றித் துளை விழாது. அலகின் விலையும் நஷ்டமாம்.

ஆகையால் அத்துண்டைக் கொல்லுலையிற் காய்ச்சுக. காந்தம் பற்றாத நிலையைக் (சுமார் 770 டிகிரி சென்டிகிரேடு) கடந்து சற்றே செம்மை ஏறியபின், உலர்ந்த சாம்பலிற் புதைத்து ஓரிரவு ஆறவிடுக. உருக்கு மென்மையடையும். பின்னர் மையக்குறி குத்தி, சிறிய அலகால் வழிதிறந்து, பெரிய அலகை எண்ணெய் விட்டு மெதுவாகவும் அழுத்தம் தளராமலும் செலுத்துக. துளையோரத்துப் பிசிறை அரத்தால் நீக்குக. இல்லையேல் அங்கிருந்தே வெடிப்புத் தொடங்கக்கூடும்.

முடிவில் மீண்டும் செம்மையாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, மேற்பரப்பைத் துலக்கி, நீலநிறம் (சுமார் 300 டிகிரி) தோன்றும்வரை இளஞ்சூடு ஏற்றுக. இளஞ்சூடு ஏற்றாத கொழு கல்லிற் பட்டால் ஒடியும்.

வண்டியின் பிரேக், ஸ்டியரிங் உறுப்புகளை இவ்வாறு காய்ச்சுதல் கூடாது. பலம் கெட்டு உயிருக்கே அபாயமாம். புதிதாய்ச் செய்விக்கும் கருவியாயின், துளை முதலில், துவைச்சல் பின்னர் என்று கொல்லரிடம் சொல்லிவைப்பதே சிக்கனமான வழியாகும்.