பழைய படத்தைக் கொண்டுவாருங்கள்

வருஷந்தோறும் செருப்பின் அளவு கூடிக்கொண்டே போவதையும், கல்யாணத்தில் போட்ட மோதிரம் எண்ணெய் தடவினாலும் கழல மறுப்பதையும் 'சதை போட்டிருக்கிறது' என்ற ஒரே வார்த்தையில் வீட்டார் ஒதுக்கிவிடுவதால், மூளையின் அடிப்புறத்தில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி உண்டாகி, வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மிஞ்சிப் பெருக்கும் விபரீதம் பல ஆண்டுகள் வெளிப்படாமலே போய்விடுகிறது.

1886-இல் பாரிஸ் நகரத்து வைத்தியர் பியேர் மாரி, இரு நோயாளிகளின் தேக லட்சணங்களை விஸ்தாரமாக வர்ணித்து, இவ்வியாதிக்கு 'அக்ரோமெகலி' என்று நாமகரணம் செய்தார். கீழ்த்தாடை முன்னே துருத்தும். பல்லுக்குப் பல் இடைவெளி விழும். மூக்கும் உதடும் பருக்கும். நாக்குத் தடித்துக் குரல் கனக்கும். கையைப் பற்றினால் உள்ளங்கை மெத்தென்று வியர்வையில் நசநசக்கும். கட்டி பெருத்துக் கண் நரம்பை அழுத்தினால் பக்கவாட்டுப் பார்வை மங்கும். இவை யாவும் மெள்ள மெள்ள நேர்வதால், தினமும் பார்க்கும் மனைவிக்குத் தெரியாதது பத்து வருஷம் கழித்து ஊருக்கு வரும் உறவினருக்குச் சட்டென்று தெரிந்துவிடும். அதனால்தான் அனுபவசாலியான வைத்தியர், ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருவதற்கு முன்பே பழைய போட்டோவைக் கேட்கிறார்.

எலும்பு முற்றுவதற்கு முன்னே இக்கட்டி தோன்றினாலோ, ஆள் பனைபோல் உயர்ந்துவிடுவான். 'ஐரிஷ் ராட்சதன்' என்று பெயர்பெற்று 1783-இல் லண்டனில் மாண்ட சார்லஸ் பர்னின் எலும்புக்கூட்டை, அவன் விருப்பத்துக்கு விரோதமாகவே சஸ்திர வைத்தியர் ஜான் ஹண்டர் கைப்பற்றினார். அது அநியாயந்தான், சந்தேகமில்லை. ஆயினும் 1909-இல் மூளை சஸ்திர வைத்தியர் ஹார்வி குஷிங் அந்த மண்டையோட்டைத் திறந்து, பிட்யூட்டரி அமரும் குழி விரிந்திருந்ததைக் கண்ட பிறகே அவ்வுயரத்தின் காரணம் விளங்கிற்று.

உடலின் தோற்றமே காட்டிக்கொடுக்கும் சுரப்பி நோய் அக்ரோமெகலி ஒன்று மட்டுமன்று. அட்ரினல் சுரப்பி நலியும் அடிசன் நோயில் மேனி கறுக்கும் என்று புத்தகங்கள் கூறினும், மாநிறத்தாரான நம்மவரிடம் அதை ஈறுகளிலும் உள்ளங்கை ரேகைகளிலும் தேடுவதே விவேகம். இளைப்பும் உப்பின்மேல் தணியாத ஆசையும் உடனிருந்தால் தாமதம் ஆகாது.

அக்ரோமெகலிக்கு இன்று மூக்கின் வழியாகவே கட்டியை அகற்றும் சஸ்திர சிகிச்சை உண்டு. அதன்பின் முகத்து வீக்கம் பெரும்பாலும் வடியும். வளர்ந்துவிட்ட தாடையெலும்பு மாத்திரம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆதலால் மோதிரம் இறுகும்போதே வைத்தியரிடம் செல்லுங்கள்.