விளையாட்டின் நடுவே அணையும் கணிப்பொறி

அறிவியல் ஈந்த அரிய கருவிகளுள் கணிப்பொறியும் ஒன்று. ஒரு காலத்தில் பெரிய அலுவலகங்களிலும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் மட்டுமே இருந்த இக்கருவி, இன்று நம்மில் பலருடைய இல்லங்களில் மேசைமீது அமர்ந்திருக்கிறது. கட்டுரை எழுதவும் கணக்குப் போடவும் படம் வரையவும் உதவுகிறது. ஓய்வு நேரத்தில் தம்பிமார்களும், ஏன், நாமுங்கூட அதில் விளையாடுகிறோம். அவ்வாறு விளையாடிக் கொண்டிருக்கையில் திடீரென்று திரை இருண்டு கணிப்பொறி அணைந்துவிட்டால் வீட்டில் என்ன நடக்கிறது? “விளையாடி விளையாடியே கெடுத்துவிட்டான்” என்று பிள்ளைமீது பழி விழுகிறது. “மதர்போர்டு போய்விட்டது” என்று யாரேனும் சொல்லிவிட்டால் பெற்றோருக்குப் பெருஞ்செலவு வந்து சேர்கிறது. ஆனால் அந்தக் கணிப்பொறி கெடாமலே இருக்கலாம். தன்னைக் காத்துக்கொள்வதற்காகவே அது அணைந்திருக்கலாம். இதை எவ்வாறு கண்டறிவது என்பதையே இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

கணிப்பொறியின் மூளை எனப்படுவது பிராசசர். அதனுள் கோடிக்கணக்கான நுண்ணிய மின்விசைகள் ஒவ்வொரு நொடியும் திறந்து மூடிக்கொண்டே இருக்கின்றன. அது உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. எடுத்துக்காட்டாக, இண்டல் நிறுவனத்தின் கோர் ஐ5-12400 என்னும் பிராசசர் முழு வேகத்தில் 117 வாட் வரை மின்சாரம் உண்ணும். பழைய 100 வாட் குண்டு பல்பின் அருகே கையைக் கொண்டு சென்றாலே சுடும் அல்லவா? அதைவிட அதிகமான வெப்பம், கட்டைவிரல் நகத்தளவுள்ள ஒரு சில்லிலிருந்து பிறக்கிறது என்றால் அதன் கடுமையை எண்ணிப் பாருங்கள்.

நாம் கடிதம் எழுதும்போது பிராசசர் பெரும்பாலும் ஓய்வாகவே இருக்கும். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையில் அதற்கு வேலையே இல்லை. விளையாட்டிலோ அப்படியன்று. நொடிக்கு 60 படங்களோ அதற்கு மேலோ புதிது புதிதாக வரைய வேண்டும். அதற்கெனவே உள்ள கிராஃபிக்ஸ் கார்டும் உடன் உழைக்கிறது. ஆர்.டி.எக்ஸ். 3060 என்னும் கார்டு மட்டுமே 170 வாட் வரை உண்ணக்கூடியது. ஆகவே கடிதம் எழுதும்போது நலமாக இருக்கும் கணிப்பொறி, விளையாட்டில் மட்டும் அணைவது வியப்பன்று. விளையாட்டு குற்றவாளி அன்று. மறைந்திருந்த குறையைக் காட்டிக் கொடுக்கும் சாட்சி அது.

வெப்பம் வெளியேறும் வழி

பிராசசரின் மேல் ஹீட் சிங்க் என்னும் உலோகத் துண்டு அமர்ந்திருக்கும். பிராசசரின் வெப்பம் அதன் மெல்லிய தகடுகளுக்குப் பரவ, மேலே சுழலும் விசிறி காற்றை வீசி அந்த வெப்பத்தை அகற்றும். சூடான காற்றைப் பெட்டியின் பின்புறத்து விசிறி வெளியே தள்ளும். முன்புறமாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். இவ்வழியில் எந்த இடத்தில் அடைப்பு ஏற்பட்டாலும் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும்.

பிராசசருக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத சிறு மேடு பள்ளங்கள் உண்டு. அவற்றில் காற்று நிற்கும். செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன், காற்றின் திறனைப் போல் சுமார் 15,000 மடங்கு. ஆதலால் அந்த இடுக்குகளை நிரப்பத் தெர்மல் பேஸ்ட் என்னும் பசையைத் தடவுகிறார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல இப்பசை உலர்ந்துபோவதுண்டு. தகடுகளின் இடையே தூசியும் தலைமுடியும் படிந்து கம்பளம்போல் அடைத்துக்கொள்வதுமுண்டு.

அறையின் வெப்பத்தையும் மறந்துவிடக் கூடாது. 25 டிகிரி இருந்த அறை கத்திரி வெயிலில் 38 டிகிரி ஆனால், பிராசசரின் வெப்பமும் ஏறத்தாழ 13 டிகிரி உயரும். மார்கழியில் ஒழுங்காக ஓடிய கணிப்பொறி சித்திரையில் படுத்துவிடுவது இதனால்தான்.

தன்னைக் காக்கும் கருவி

2001-ஆம் ஆண்டில் டாம்ஸ் ஹார்டுவேர் என்னும் இதழைச் சேர்ந்தவர்கள் ஒரு சோதனை செய்து படம் பிடித்தனர். ஓடிக்கொண்டிருந்த கணிப்பொறிகளின் ஹீட் சிங்கைக் கழற்றினர். பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடியது. பென்டியம் 3 நின்றுவிட்டது, ஆயினும் பிழைத்தது. அக்காலத்து அத்லான் பிராசசரோ புகைந்து கருகியது. இக்காலத்துப் பிராசசர்கள் அனைத்தும் தற்காப்பு உடையவை. ஐ5-12400 பிராசசருக்கு 100 டிகிரியும், ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600 பிராசசருக்கு 90 டிகிரியும் எல்லைகள். எல்லையை நெருங்கியதும் அவை முதலில் வேகத்தைக் குறைக்கின்றன. அப்போதும் வெப்பம் தணியாமல் ஏறினால் மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்கின்றன. உருகி எரிந்து வீட்டைக் காக்கும் ஃபியூஸ் போன்றதே இது. ஃபியூஸ் போனதற்காக வீட்டையே இடித்துக் கட்டுவார் உண்டோ?

அணைவதில் மூன்று வகை

முதல் வகை: விளையாட்டு பத்து இருபது நிமிடம் நன்றாக ஓடும். பின்பு படங்கள் தடுமாறும், விசிறி இரையும், அதன் பின் அணையும். இது வெப்பத்தின் அடையாளம்.

இரண்டாம் வகை: எந்தத் தடுமாற்றமும் இன்றிச் சட்டென்று இருளும், தானே மீண்டும் தொடங்கினாலும் தொடங்கும், வெப்பமோ அளவோடு இருக்கும். இங்கே எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்பெட்டியையோ யு.பி.எஸ்.ஸையோ ஐயுற வேண்டும். 600 வி.ஏ. என்று எழுதியுள்ள யு.பி.எஸ்.கள் பல 360 வாட் அளவே தாங்கும். மின்சாரம் தடைப்படும் கணத்தில் விளையாட்டின் சுமை அதைவிட மிகுந்திருந்தால் அது கைவிட்டுவிடும்.

மூன்றாம் வகை: கணிப்பொறி அணையாது, விளையாட்டு மட்டும் மூடிக்கொள்ளும், அல்லது திரையில் வண்ணக் கட்டங்கள் தோன்றும். இது கிராஃபிக்ஸ் கார்டு, அதை இயக்கும் டிரைவர், நினைவகம் ஆகியவற்றுள் ஒன்றின் குறையாக இருக்கலாம்.

இவை அடையாளங்களே, தீர்ப்பு அல்ல. தீர்ப்புச் சொல்ல வேண்டியவை எண்கள். புனித தோமையார் ஆண்டவரின் காயங்களைக் காணும்வரை நம்ப மறுத்தார் அன்றோ? கணிப்பொறி செய்தியில் நாமும் அவ்வாறே இருப்பது நல்லது.

அளந்து பார்த்தல்

பிராசசரின் உள்ளேயே வெப்பமானி அமைந்துள்ளது. எச்.டபிள்யூ. இன்ஃபோ என்னும் இலவச மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். வெப்பத்தையும் வேகத்தையும் சில நொடிகளுக்கு ஒருமுறை கோப்பில் குறித்தும் வைக்கும். இதுவே நமக்குப் பேருதவி. கணிப்பொறி அணைந்தபின் மீண்டும் போட்டுக் கோப்பின் கடைசி வரியைப் பார்த்தால், அணையும் தறுவாயில் அதன் நிலை என்ன என்பது தெரிந்துவிடும். வெப்பம் எல்லையைத் தொட்டு, வேகமும் சரிந்திருந்தால் காரணம் வெப்பமே. 65 டிகிரியில் அணைந்திருந்தால் பிராசசரை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டும். விண்டோஸில் உள்ள நிகழ்ச்சிப் பதிவேட்டில் கெர்னல்-பவர் 41 என்ற குறிப்பைக் கண்டு சிலர் அஞ்சுவர். ஒழுங்காக மூடப்படாமல் கணிப்பொறி நின்றது என்பதே அதன் பொருள். காரணத்தை அது சொல்வதில்லை.

ஒரு வீட்டில் கண்டது

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் இவ்வாறு நேர்ந்தது. தவணை முறையில் வாங்கிய கணிப்பொறி. தவணை இன்னும் முடியவில்லை. மதர்போர்டை மாற்ற வேண்டும் என்று பழுது பார்ப்பவர் கூறிவிட்டார். அவளுடைய தம்பி கணிப்பொறியைத் தொடக் கூடாது என்று உத்தரவும் ஆகிவிட்டது. நாங்கள் மூவர் சென்றிருந்தோம். “அளந்து பார்க்கச் செலவில்லையே, அங்கிள்” என்று கேட்டுக்கொண்டதன்பேரில் அவளுடைய தந்தை இசைந்தார். ஓய்வில் 52 டிகிரி. விளையாடத் தொடங்கிய ஐந்தாம் நிமிடத்தில் 88. பன்னிரண்டாம் நிமிடத்தில் 100, வேகமும் சரிந்தது. பதினான்காம் நிமிடத்தில் அணைந்தது.

இத்தொல்லை எப்போது தொடங்கியது என்று விசாரித்தோம். வீடு மாற்றி வந்தபின்தான் என்றார்கள். மின்சாரத்தைத் துண்டித்துப் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்ததில், ஹீட் சிங்கைப் பிடித்திருக்கும் நான்கு ஊசிகளுள் இரண்டு கழன்று, அது ஒருபுறம் சாய்ந்திருந்தது. தகடுகளுக்கிடையே தூசியும் அடைத்திருந்தது. அவளுடைய தந்தையே தூசியை அகற்றி, புதுப் பசை வைத்து, ஊசிகளை எதிரெதிர் மூலைகளாக ‘டக்’ என்னும் ஓசை கேட்கும்வரை அழுத்தினார். பிறகு ஒரு மணி நேரம் விளையாடியும் 76 டிகிரியைத் தாண்டவில்லை. செலவு பசைக்கு மட்டுமே. தம்பியின் முகத்தில் அன்று கண்ட மகிழ்ச்சிக்கு விலை இல்லை.

செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை

செலவில்லாததை முதலில் செய்து, செலவுள்ளதைக் கடைசிக்கு வைக்க வேண்டும். பெட்டியை மேசை அறையினுள் அடைக்காமல் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். விளையாட்டின் அமைப்பில் நொடிக்கு 60 படங்கள் போதும் என்று வரம்பு கட்டுங்கள். சோதனைக்காக ஒருமுறை பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே கை விடாமல் ஓட விட்டுப் பாருங்கள். வெப்பம் பெரிதும் குறைந்தால் பெட்டிக்குள் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். பின்பு தூசியை அகற்றுங்கள். எல்லா விசிறிகளும் சுழல்கின்றனவா என்று பாருங்கள். பசை மாற்றுவது அதற்கும் பின்னரே. பட்டாணி அளவு பசை போதும்.

திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தொடங்கும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தைப் போக்க வேண்டும். கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தை நீக்க வேண்டும். தூசியை ஊதும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரத் துணி ஆகாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும். பெரியவர்கள் உடனிருக்கவே எதையும் செய்ய வேண்டும்.

அன்புத் தோழியரே! பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அணைந்த கணிப்பொறியைக் கண்டதும் பழி சுமத்தவும் வேண்டாம், பணத்தை எடுக்கவும் வேண்டாம். முதலில் அளப்போம், அடுத்துக் காரணத்தைத் தேடுவோம், அதன் பின்னரே பணப்பையைத் திறப்போம். பள்ளியின் ஆய்வுக் கூடத்தில் வெப்பமானியைக் கையில் கொடுத்து நமக்குக் கற்பித்த பாடம் இதுவே. அப்பாடம் மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல், பெற்றோரின் உழைப்பைக் காக்கவும் குற்றமற்ற ஒரு சிறுவனின் பழியைத் துடைக்கவும் பயன்படுமானால், இறைவன் நமக்கு ஈந்த அறிவுக்கு அதைவிட நல்ல நன்றிக் காணிக்கை வேறென்ன இருக்க முடியும்?