கூத்து முடிஞ்சா தீர்ப்பு டீக்கடையில்... காஞ்சிபுரத்து விடியற்கால விமர்சகர்கள்!

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோயிலும் இட்லியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் பங்குனி பிறந்துவிட்டால், ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பேச்சே வேறு. ``இந்த வருஷம் எந்த ஜமா வருது?'' என்பதுதான் முதல் கேள்வி. ஜமா என்றால் கூத்துக் குழு. 2024-ல் வெளியான `ஜமா' படம் இந்த வார்த்தையை நகரத்துக்கும் கொண்டு சேர்த்தது. இங்கே அது தாத்தா காலத்துச் சொல்.

திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழாக்கள் நடக்கும் காலம் இது. ஆடி வரைக்கும் ஏதாவது ஓர் ஊரில் கொடி ஏறியபடியே இருக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று ஒவ்வோர் இரவாகக் கதை நகரும். கடைசியில் பதினெட்டாம் போர். விடிந்ததும் படுகளம், மாலையில் தீமிதி.

டிக்கெட் கிடையாது, நாற்காலி கிடையாது. பத்து மணி வாக்கில் பாயும் போர்வையுமாக வந்து இடம் பிடித்தால் பொழுது விடியும் வரை ஆட்டம்தான். கதையில் சஸ்பென்ஸும் கிடையாது. கர்ணன் சாகப்போவது மடியில் தூங்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்படியென்றால் எதைப் பார்க்க வருகிறார்கள்? `எப்படி'ச் செய்கிறார்கள் என்பதைப் பார்க்கத்தான். திரைக்குப் பின்னாலிருந்து வேஷக்காரர் பாடும் முதல் பாட்டிலேயே பாதி மார்க் போட்டுவிடுவார்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் என்று கண்ணாடி பதித்த மரக்கட்டைகளைக் கட்டிக்கொண்டு சுழன்று ஆடும்போது மூச்சு வாங்குகிறதா, அடுத்த அடியை எடுக்கும்போது சுதி நிற்கிறதா, முகவீணைக்காரர் கூடவே வருகிறாரா? கட்டியக்காரன் அடித்த ஜோக் போன வருஷத்து ஜோக்கா? எல்லாமே கணக்கில் உண்டு.

பாராட்டு உடனே பணமாக வந்து விழுவதும் உண்டு. நல்ல கட்டம் வந்தால் ஒருவர் எழுந்துபோய் ரூபாய் நோட்டைக் கொடுப்பார். ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்வார்கள். துச்சாதனன் சேலையைப் பிடித்த நேரத்தில் இப்படி ஓர் அறிவிப்பு வந்தால் வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரலாம். உள்ளூர்க்காரர்களுக்கு அதுவும் கூத்தில் சேர்த்திதான்.

முழுத் தீர்ப்பு மறுநாள் காலை டீக்கடையில். அங்கே `பரவாயில்லை' என்று சொன்னால் சுமார் என்று அர்த்தம். அடுத்த வருஷம் தாம்பூலத்தோடு அச்சாரம் யாருக்குப் போகும் என்பதை இந்தப் பேச்சும்தான் முடிவு செய்கிறது. அதனால் இது வெட்டிப்பேச்சு இல்லை. வேஷம் கட்டுபவரின் சோறு.

மேடையைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது காஞ்சிக்குப் புதிதும் இல்லை. ஏழாம் நூற்றாண்டிலேயே மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய `மத்தவிலாசப் பிரகசனம்' இந்த ஊர்த் தெருவில் நடக்கிற கதைதான். கபாலம் தொலைத்த காபாலிகனை வைத்து ஊரையே கிண்டலடித்த நாடகம் அது. இந்த மண்ணில் பிறந்த அண்ணாவின் `ஓர் இரவு' நாடகத்தைப் பார்த்துவிட்டு, அரசியலில் எதிர்முகாமில் இருந்த கல்கி, அவரை பெர்னார்ட் ஷாவோடும் இப்சனோடும் ஒப்பிட்டு எழுதினார். பத்திரிகை விமர்சனம் ஒரு நாடகாசிரியரை எங்கே கொண்டுபோய் உட்கார வைக்கும் என்பதற்கு இன்றைக்கும் சொல்லப்படும் உதாரணம் அது. விடிய விடிய ஆடும் கூத்துக்காரர்களுக்கு அப்படி ஒரு கல்கி கிடைப்பது அபூர்வம்.

அந்தக் குறையை ஓரளவு தீர்த்தவர் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வாளர் ஹன்னே டி ப்ரூயின். பெருங்கட்டூர் பி.ராஜகோபாலின் ஆட்டத்தைப் பார்த்து, ஆராய்ந்து, புத்தகமும் எழுதினார். இருவரும் முன்நின்று 1990-ல் தொடங்கியதுதான் கட்டைக்கூத்துச் சங்கம். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை குருகுலம் நடத்தி, பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டதுதான் பெரிய விஷயம். திரௌபதி வேஷத்தையும் ஆண்களே கட்டிவந்த கலை இது. பெண் கர்ணனாகவும் துரியோதனனாகவும் திரை விலக்கி வந்தபோது, ரசிகர்கள் தங்கள் அளவுகோலையே மாற்ற வேண்டியிருந்தது.

பெயரிலேயே ஒரு சண்டை உண்டு. `தெருக்கூத்து' என்பது கலையைத் தெருவோடு நிறுத்துகிறது, கட்டை கட்டி ஆடுவதால் `கட்டைக்கூத்து'தான் சரி என்பது ராஜகோபால் தரப்பு. புரிசை கண்ணப்ப தம்பிரான் வழியினர் தெருக்கூத்து என்றே சொல்கிறார்கள். நியாயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஊர்க்காரர்கள் வெறும் `கூத்து' என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்!

2017-ல் டி.எம்.கிருஷ்ணாவும் சங்கீதா சிவகுமாரும் ராஜகோபால் குழுவோடு ஒரே மேடையில் சேர்ந்து பாடினார்கள். சபா ரசிகர்களுக்கு அது புது அனுபவம். ஆனால், நகர மேடையில் கிடைப்பது இரண்டு மணி நேரம். எட்டு மணி நேரக் கூத்தை அதற்குள் மடிக்க முடியுமா என்பது வேறு விஷயம்.

இப்போது கிராமத்திலேயே அந்த எட்டு மணி நேரத்துக்கு ஆபத்து. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் காலை ஷிஃப்ட்டுக்கு விடியும் முன்பே வந்து நிற்கும். இளைஞர்கள் பன்னிரண்டு மணிக்கே எழுந்துவிடுகிறார்கள். மிச்சத்தை யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியமும் இருக்கிறது. ஆனால், கூத்தின் உச்சக் காட்சிகள் வருவதே விடியலை ஒட்டித்தான். நடிகர் தொண்டை கட்டிப்போய், உடம்பு தளர்ந்து, அதையும் மீறிப் பாடும் நேரம் அது. `அவன் நல்லா செய்தானா' என்று சொல்ல அந்த நேரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பாட்டிகளும் தாத்தாக்களும்தான்.

பதினெட்டாம் போர் அன்று மட்டும் நிலைமை மாறும். படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனைப் பார்க்க, தூங்கப்போனவர்களும் குளித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்கள். வந்ததும், ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த பாட்டியிடம் கேட்கும் முதல் கேள்வி: ``துரியோதனன் வேஷம் எப்படி ஆயா?''