கிழங்கு வேகவைத்த கப்பல் மணி

தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெருவில் வரும் பாத்திரக்காரரைத் தெரியாமலிருக்காது. இரண்டு பட்டுப்புடவை, மூன்று பேண்ட்டை வாங்கிக்கொண்டு ஒரு எவர்சில்வர் டபராவை நீட்டுவார். லாபம் யாருக்கு என்பது பி.காம். படித்த எனக்கே இன்னும் டேலி ஆகவில்லை.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் பண்டமாற்று ஒன்று 1836 வாக்கில் நியூசிலாந்தில் நடந்திருக்கிறது. வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி, வாங்கரேய் பக்கம் மவோரி மக்களைப் பார்க்கப் போனார். பெண்கள் ஒரு வெண்கலச் சட்டியில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். உற்றுப் பார்த்தால் அது சட்டியே இல்லை. தலைகீழாகத் திருப்பி வைத்த, உடைந்த மணி! காற்றில் சாய்ந்த மரத்தின் வேருக்கடியில் கிடைத்தது என்றார்கள். மனுஷர் ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டார். (மணி ஒரு சாண் உயரம்கூட இல்லை. அதில் எத்தனை கிழங்குதான் வெந்திருக்குமோ!)

விளிம்பைச் சுற்றி ஏதோ எழுத்து. என்ன பாஷை தெரியுமா? நம்ம தமிழ்தான் சார்! 'முகையதீன் பக்ஷ் உடைய கப்பல் மணி' என்று அர்த்தம். அது கப்பல்காரர் பெயர் என்கிறார்கள்; கப்பலுக்கே அந்தப் பெயர்தான் என்பாரும் உண்டு. எழுத்தின் வடிவத்தை வைத்து ஏறக்குறைய 500 வருஷப் பழசாக இருக்கலாம் என்று ஒரு கணிப்பு. நம் ஆட்களே ஓட்டிப்போன கப்பலா, மாலுமிகள் இல்லாமல் நீரோட்டத்தில் ஒதுங்கிய கப்பலா, போர்ச்சுகீசியர் கொண்டுபோனதா? சண்டை இன்றுவரை ஓயவில்லை. கொலென்சோ 1899-ல் இறந்தார். அவர் எழுதிவைத்தபடி மணி மியூசியத்துக்குப் போனது. இப்போது வெலிங்டனில் உள்ள டெ பாபா மியூசியத்தின் சொத்து.

எனக்கு உறுத்துவது வேறு விஷயம். வார்த்தவர் யார்?

ஜெர்மனியில் எர்ஃபுர்ட் கதீட்ரலில் 'குளோரியோசா' என்று 11 டன்னுக்கு மேல் எடையுள்ள மணி ஒன்று தொங்குகிறது. 1497-ல் வார்த்தது. வார்த்தவர் கெர்ஹார்ட் வான் வூ, பக்கத்து ஹாலந்துக்காரர். 'என்னைச் செய்தவர் இன்னார்' என்று மணியே சொல்வது போலத் தன் பெயரையும் ஊரையும் அதில் பொறித்துவிட்டார். எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் அவருடைய மணிகளை இன்று ஒரே கணக்கில் சேர்க்க முடிகிறதென்றால் இந்தப் பழக்கத்தால்தான்.

நம்மவரும் லேசுப்பட்டவர் இல்லை. மணி வார்ப்பது செம்பையும் வெள்ளீயத்தையும் சும்மா உருக்கி ஊற்றுகிற வேலையா? செம்பு நாலு பங்கென்றால் வெள்ளீயம் ஒரு பங்கு, சில சமயம் கொஞ்சம் கூட. வெள்ளீயம் குறைந்தால் நாதம் மந்தம். மிஞ்சினால் அடித்த அடியில் விரிசல். அத்தனையும் தெரிந்தவர், கப்பல் பெயரை அட்சரம் அட்சரமாகப் பதித்தவர், தன் பெயருக்கு ஒரு விரற்கடை இடம் ஒதுக்கவில்லை. ஒருவேளை, உடைந்து போன துண்டில் இருந்திருக்குமோ என்று எனக்கு ஒரு நப்பாசை.