நாய் பிடிக்கறதும் ஒரு படிப்புதான்

இன்னைக்கு ஒரு நேயர் அனுப்பின கேள்வியில இருந்தே ஆரம்பிக்கலாம்: "தம்பி ப்ளஸ் டூ முடிச்சிருக்கான். நாய்னா உயிர். கால்நடை மருத்துவத்துக்குக் கட்-ஆஃப் எட்டாது. வேற வழி இருக்கா?"

இருக்கு. ஆனா அதை ஒரு படிப்பா நாம இன்னும் மதிக்கறதில்ல.

2023-ல வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள்படி, தெருநாயைப் பிடிச்சு, கருத்தடை பண்ணி, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பிடிச்ச இடத்துலயே விடணும். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் மாதிரி இடங்கள்ல பிடிச்சா அங்கேயே திரும்ப விடாம காப்பகத்துக்குக் கொண்டு போகணும்னு 2025 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ரெண்டுக்குமே முதல் படி ஒண்ணுதான்: நாயைச் சரியா பிடிக்கணும்.

நம்ம பாஷையில சொன்னா அவர்தான் இன்புட் வேலிடேஷன். ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச குட்டியைக் கருத்தடைக்குப் பிடிக்கக்கூடாது. பால் கொடுக்கிற தாயையும் பிடிக்கக்கூடாது. காது நுனியில வெட்டு இருந்தா ஏற்கனவே ஆபரேஷன் ஆன நாய். இத்தனையும் ஓடுற நாயைப் பார்த்து சில நொடியில முடிவு பண்ணணும்.

இதுல தப்பு நடந்தா? தாய் வண்டியில ஏறிடும், குட்டிகள் பட்டினி கிடக்கும். இடம் மாத்தி விட்டா அந்தத் தெரு நாய்களோட சண்டை. முரட்டுத்தனமா பிடிச்சா, அடுத்த தடவை வண்டிச் சத்தம் கேட்டதுமே நாய் ஓடிடும். அப்புறம் தடுப்பூசி எப்படிப் போடறது?

நல்லா பண்ணினா என்ன ஆகும்ங்கறதுக்குக் கோவா உதாரணம். அங்க மிஷன் ரேபிஸ் அமைப்பு அரசோட சேர்ந்து, பயிற்சி பெற்ற வலைக்குழுக்களைத் தெருத்தெருவா அனுப்புச்சு. ஊசி போட்ட ஒவ்வொரு நாயும் ஜிபிஎஸ் புள்ளியோட மொபைல் ஆப்ல பதிவாகும். 70% நாய்களுக்குத் தடுப்பூசிங்கறது இலக்கு. நாய்கள்ல மாத ரேபிஸ் எண்ணிக்கை 92% குறைஞ்சுது. 2018 முதல் சில வருஷங்களுக்கு மனித ரேபிஸ் மரணமே பதிவாகல. ஆப் உதவிச்சு, சரி. ஆனா வலையை வீசினது மனுஷன்தான்.

இப்போ தம்பிக்கு வருவோம். விலங்கு நல வாரிய அங்கீகாரம் உள்ள கருத்தடை மையத்துல உதவியாளரா சேரலாம். நாயைக் கையாள்றது, ஆபரேஷனுக்கு அப்புறம் பராமரிக்கறது, பதிவேடு எழுதறது எல்லாம் அங்க கத்துக்கலாம். சேர்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்கச் சொல்லுங்க.

ஒண்ணு, வேலையில இறங்கும் முன்னாடியே ரேபிஸ் தடுப்பூசி போடுவீங்களா? அறிகுறி வந்துட்டா ரேபிஸுக்குக் கிட்டத்தட்ட மருந்தே இல்ல. முன்கூட்டியே போட்டவங்களும் கடிபட்டா சோப்புத் தண்ணியில 15 நிமிஷம் கழுவி, மறுபடியும் ரெண்டு ஊசி போட்டுக்கணும்.

ரெண்டு, யார்கிட்ட, எத்தனை நாள் பயிற்சி? "கூடவே போ, பழகிடும்"னு சொன்னா அது பயிற்சி இல்ல.

மூணு, கடிபட்டு வீட்ல இருக்கற நாளுக்குச் சம்பளம் உண்டா?

நாய்க்குச் சோறு வைக்கிறவங்களும் இவங்களைத் திட்டுவாங்க, நாயைக் கண்டு பயப்படறவங்களும் திட்டுவாங்க. அந்த வண்டி உங்க தெருவுக்கு வந்தா, திட்டறதுக்கு முன்னாடி எந்த நாய் குட்டி போட்டிருக்குன்னு சொல்லுங்க. அவங்க வேலைக்குத் தேவையான தகவல் அது.